பட்டி பார்த்த சுவர்

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. சுவரில் விரிசலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. கேட்டால், பெயிண்டர் என்றால் அப்படித்தான் என்பார். ஊரில் எத்தனையோ பெயிண்டர்கள் இருக்கிறார்கள், எல்லாரும் கூலி கொடுத்தால்தான் பட்டி பார்க்கிறார்கள். இவர் ஒருவர்தான் துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது எழுந்து போய் ஜன்னல் ஓரத்து விரிசலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பட்டி சரியாக வைக்கவில்லை என்று என் காதில் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து இதை நாலு பேரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். சுழல்காற்று வந்துவிட்டுப் போன பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

காற்று எங்கள் நகரத்தின் குறுக்கே கோடு கிழித்துக்கொண்டு போனது. கோட்டுக்குள் இருந்ததெல்லாம் குப்பை. கோட்டுக்கு வெளியே கொடியில் காயப்போட்ட துணிகூட விழவில்லை. எங்கள் தெரு அந்தக் கோட்டின் ஓரத்தில் மாட்டிக்கொண்டது. அந்த நேரம் நான் வேலையில் இருந்தேன். நகரப் பேருந்தில் கண்டக்டர் நான். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, அதற்கப்புறமும் உள்ளே போங்க, நடுவில் இடம் இருக்கு என்று தொண்டை கிழியக் கத்துவதுதான் என் பிழைப்பு. அன்றைக்குப் பயணிகளை டிப்போ பட்டறையில் வண்டிக்கு அடியில் வேலை பார்க்கிற குழிக்குள் இறக்கி உட்கார வைத்தோம். என் வீட்டுக்காரர் எங்கோ ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்தது நாத்தனார் மட்டும்.

நாத்தனார் என்றால் அவருடைய அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கணவர் போன பிறகு வேறு ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிட்டார். இடுப்பில் அடிபட்டதிலிருந்து வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது. மற்ற வீடுகளில் நாத்தனாருக்கு அண்ணன் பெண்டாட்டி, தம்பி பெண்டாட்டி எல்லாம் பயப்படுவார்கள். எங்கள் வீட்டில் தலைகீழ். நான் பஸ்ஸில் பேசுகிற குரலிலேயே வீட்டிலும் பேசுவேன், அவர் வாயைத் திறக்கவே யோசிப்பார்.

அன்றைக்கு அவர் பின்னறைக் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாராம். முதலில் கூரைத் தகடு பிய்த்துக்கொண்டு போனது. அப்புறம் எதிரே இருந்த சுவர் மேலிருந்து கீழ்வரை கண் முன்னாலேயே பிளந்தது. நாங்கள் வந்து சேர்ந்தபோது வாக்கரைக் கட்டிப்பிடித்தபடி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். "ஓட முடியல" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்த விரிசலுக்குள் என் கை மணிக்கட்டு வரை போனது. என் வீட்டுக்காரரோடு வேலை செய்கிற மேஸ்திரி வந்து தட்டிப் பார்த்துவிட்டு, சுவர் நிற்கவில்லை, சும்மா சாய்ந்துகொண்டிருக்கிறது, ஒரு நல்ல மழை பெய்தால் உட்கார்ந்துவிடும் என்றார். பின்பக்கம் போய்ப் பார்க்கவும் வழியில்லை. சுவருக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் அந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி விழுந்து அடைத்துக் கிடந்தது.

அப்படியானால் அண்ணியை முன்னறைக்கு மாற்ற வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். பஸ்ஸில் எல்லாரும் கேட்டார்கள். மாற்றினோம். இரண்டு அறைக்கும் நடுவில் உயரமாக ஒரு படி இருக்கிறது, குளியலறை பின்னறைப் பக்கம் இருக்கிறது. நாங்கள் வேலைக்குப் போய்விட்டால் அந்தப் படியை அவரால் தாண்ட முடியாது. அதற்காக மனுஷி காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார். ஒருநாள் தாண்டப் பார்த்து விழுந்தும் விட்டார். மறுபடி பின்னறைக்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். வேறு வீடு வாடகைக்கு எடுக்கலாம் என்றால் பாதி நகரம் வீடு தேடி அலைந்துகொண்டிருந்தது.

ஆகவே அரசாங்கத்தை நம்பினோம். வீடு வீடாக ஆள் வருவார்கள், பார்த்துவிட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள் என்று அறிவிப்பு வந்தது. சிவப்பு என்றால் வீடு குடியிருக்க லாயக்கில்லை, உடனே தற்காலிக வீடு, பிறகு இடித்துக் கட்ட உதவி. மஞ்சள் என்றால் பழுது பார்க்கச் சிமெண்டும் தகடும். பச்சை என்றால் சௌக்கியமாக இருங்கள் என்று அர்த்தம். பஸ்ஸில் வேறு பேச்சே இல்லை, ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் உங்களுக்கு என்ன நிறம் என்றுதான் கேட்டுக்கொண்டார்கள். எங்களுக்குச் சிவப்புதான், அதில் சந்தேகமே இல்லை என்று நான் டிரைவரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். சிவப்பு கிடைப்பதைப் பெருமையாகப் பேசுகிற காலம் அது.

எங்கள் தெருவுக்கு ஆள் வந்த அன்று எனக்குக் காலை டூட்டி. முடித்துவிட்டு வந்தால் எதிர்வீட்டு மெக்கானிக் வாசலில் சிவப்பு. அவர் வீட்டுச் சமையலறை விரிசல் நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவந்த காலத்திலேயே இருந்தது. என் வீட்டுக்காரர் ஓசியிலேயே பட்டி பார்த்துத் தருகிறேன் என்று எத்தனை முறை கேட்டும், அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தவர். அந்தச் சோம்பேறித்தனம் அவருக்குச் சிவப்பு வாங்கிக் கொடுத்துவிட்டது. அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும், என்னைப் பார்த்ததும் ஸ்பேனரைத் தேடுவதுபோல் உள்ளே போய்விட்டார். நான் திரும்பி எங்கள் வாசலைப் பார்த்தேன். பச்சை.

உள்ளே போனால் பெயிண்ட் வாசனை. பின்னறையில் புதுத் தகடு போட்ட கூரை, அதை என் வீட்டுக்காரர் முதல் வாரமே போட்டிருந்தார், மழை அக்கா மேல் விழுந்துவிடுமாம். அது போகட்டும். பின்சுவர்! விரிசலே இல்லை. செங்கல் துண்டு அடைத்து, பூசி, காயவைத்து, இரண்டு கை பட்டி இழுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் கொடுத்து, மேலே வெளிர்நீலம். பச்சைக் குழந்தையின் கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. பழைய நீலத்துக்கும் புது நீலத்துக்கும் வித்தியாசம் தெரியக்கூடாது என்று சுவர் முழுக்க அடித்திருந்தார். நான் மூன்று நாளாக இரட்டை டூட்டி பார்த்து, வந்ததும் முன்னறையில் விழுந்து தூங்கிய நேரத்தில் இத்தனையும் நடந்திருக்கிறது.

நான் கத்தினதைத் தெருமுனை வரை கேட்டார்களாம். ஆபீசர் வருகிறார் என்று வீட்டை அலங்காரம் பண்ணியிருக்கிறீர்களா, பெண் பார்க்கவா வருகிறார்கள் என்று ஒரு பாட்டம் தீர்த்தேன். அவர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே இருந்தார். உள்ளே விரிசல் இருக்கிறது என்று வந்தவரிடம் சொல்லத்தான் செய்தாராம். வந்தவர் சுவரைத் தடவிப் பார்த்து, போட்டோ எடுத்து, பச்சையை ஒட்டிவிட்டுப் போய்விட்டாராம். ஏன் இப்போது பட்டி பார்த்தீர்கள் என்று நான் கேட்டதற்கு மட்டும் பதிலே வரவில்லை. அண்ணி கட்டிலில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். என் சத்தத்துக்குப் பயந்துதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே நிவாரண அலுவலகத்துக்கு இருவரும் போனோம். பள்ளிக்கூடத்து உள்விளையாட்டு அரங்கத்தைத்தான் அலுவலகம் ஆக்கியிருந்தார்கள். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே கவுண்டர், பிளாஸ்டிக் நாற்காலிகள், டோக்கன். கவுண்டரில் இருந்த அம்மாவுக்குக் கடுமையான ஜலதோஷம், மூக்கை உறிஞ்சியபடியே எங்கள் கோப்பைத் திறந்து போட்டோவை எங்கள் பக்கம் திருப்பினார். இந்தச் சுவருக்கு என்ன குறை என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "ஒட்டுப் போட்ட இடமே தெரியலல்ல" என்றார். முகத்தில் ஒரு சந்தோஷம் வேறு.

அங்கேயே அவர் கழுத்தைப் பிடித்திருப்பேன், சுற்றிலும் ஆள் இருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, சுவருக்குள் விரிசல் இருக்கிறது, வீட்டுக்குப் போய்ச் சுரண்டிவிடுகிறோம், மறுபடி ஆளை அனுப்புங்கள் என்றேன். கவுண்டர் அம்மா சட்டென்று நிமிர்ந்தார். அந்தத் தப்பை மட்டும் செய்துவிடாதீர்கள் என்றார். ஆய்வுக்குப் பிறகு விண்ணப்பதாரரோ அந்த வீட்டில் வசிக்கும் குடும்பத்தாரோ சேதத்தில் கை வைத்தால் கோப்பே ரத்து. எத்தனையோ பேர் நல்ல சுவரைச் சுத்தியலால் உடைத்துவிட்டு வந்து நிற்கிறார்களாம், அதற்காகப் போட்ட விதியாம். அவரும் பாவம், நல்லதற்குத்தான் சொன்னார். அப்படியானால் என்ன செய்வது என்று கேட்டேன். விரிசல் தானாக வெளியே வந்தால் நீங்கள் மறுபடி வரலாம் என்றார்.

தானாக வரவேண்டுமாம். இவர் பார்த்த பட்டி தானாக விடுமா? தினமும் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்னறைக்குப் போய் அந்தச் சுவரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆராய்ந்தேன். ஒரு மயிரிழை கிடைக்காதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ம்ஹூம். லாரி போனால் சுவர் லேசாக அதிர்வது கையில் தெரிந்தது, வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அவர் வேலை அவ்வளவு சுத்தம். வாழ்க்கையில் முதல்முறையாக, இந்த மனுஷன் ஒரு அரைகுறை வேலைக்காரராக இருந்திருக்கக் கூடாதா என்று வயிறெரிந்தேன்.

அடுத்த முறை போனபோது பொறியாளர் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். பொறியாளர் அலுவலகத்தில், சிவப்பு, மஞ்சள் வீடுகளுக்கு மட்டும்தான் வருவோம், பச்சைக்கு வர உத்தரவு இல்லை என்றார்கள். மஞ்சள் வாங்கினால் அவர்கள் வருவார்கள், அவர்கள் வந்தால்தான் மஞ்சள் கிடைக்கும். இதை நான் ஒரு முறைக்கு இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், எங்காவது நானே தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று. சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று அங்கே இருந்த பையன் மரியாதையாகச் சொன்னான்.

அப்புறம் யாரோ பஸ்ஸில் சொன்னார்கள், நடக்க முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் நிறம் பார்க்காமல் முன்னுரிமை உண்டு என்று. லீவு போட்டுவிட்டு ஓடினேன். அதே கவுண்டர் அம்மா, ஜலதோஷம் இருமலாக மாறியிருந்தது. கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் முகவரியில் நீங்களும் உங்கள் கணவரும் மட்டும்தான் இருக்கிறீர்கள், இப்படி ஒருவர் இல்லையே என்றார். அண்ணியின் முகவரி இன்னும் அந்த விற்றுப்போன வீட்டிலேயே இருந்தது. அந்த ஊரில் காற்றே அடிக்கவில்லை, அதனால் எங்கள் கணக்கில் அவர் பாதிக்கப்பட்டவர் இல்லை என்றார்.

"அம்மா, அவங்க எங்க வீட்டுலதான் படுத்திருக்காங்க. அந்தச் சுவருக்கு அடியிலதான் படுத்திருக்காங்க."

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா இதுல அப்படி ஒருத்தர் அந்த வீட்டுல இல்ல."

முகவரியை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றார். முகவரி மாற்றும் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், என் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. காற்றில் அதன் கூரை மொத்தமாகப் போய், வாசலில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அதைச் சொன்னேன். கவுண்டர் அம்மா இருமிவிட்டு, அடுத்த டோக்கன் என்றார்.

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது, வீட்டுக்கு வந்து அண்ணியிடமும் சொல்லிப் புலம்பினேன். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அந்த அம்மாவைத் திட்டலாம் என்றால் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அரசாங்கத்தைத் திட்டினால் அது எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று காட்ட ஆளில்லை. கடைசியில் கையெட்டும் தூரத்தில் இருந்தவர் என் வீட்டுக்காரர்தான், அவரைத்தான் தினமும் வறுத்தெடுத்தேன். சாப்பிட உட்கார்ந்தால் சுவர், குளித்துவிட்டு வந்தால் சுவர். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இதற்குள் வானம் கறுக்க ஆரம்பித்துவிட்டது. சாயங்காலங்களில் தூறல் விழுந்தது. தூறல் விழும்போதெல்லாம் நான் பஸ்ஸிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டு, அண்ணி, கட்டிலை விட்டு எழுந்து குளியலறைப் பக்கம் போய் நில்லுங்கள் என்பேன். சரிம்மா என்பார். அந்த வாக்கரைப் பிடித்துக்கொண்டு எத்தனை நேரம் நிற்பார் பாவம்.

ஒருநாள் பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே ஒரு பையோடு ஒருவர் ஏறினார். பையிலிருந்து மூன்று நிறத்தில் ஸ்டிக்கர் சுருள்கள் எட்டிப் பார்த்தன. அவர் டிக்கெட் கேட்டதும், எங்கள் தெருவைச் சொல்லி, நீலச் சுவர் வீட்டுக்குப் பச்சை ஒட்டியது நீங்கள்தானா என்றேன். நன்றாக ஞாபகம் இருக்கிறதாம், அந்தத் தெருவிலேயே சுத்தமான சுவர் அதுதானாம். வேறு எங்கேயும் நகர முடியாதபடி அவரை மூன்று பேர் சீட்டின் ஓரத்தில் நெருக்கி உட்கார வைத்துவிட்டு, அடுத்த நிறுத்தம் வருவதற்குள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். ஸ்டிக்கர்காரர் சின்ன வயசுக்காரர், கண்ணெல்லாம் தூக்கம் இல்லாமல் சிவந்திருந்தது.

"அக்கா, உள்ள இருக்கிறதை நான் எழுத முடியாது. கண்ணுக்குத் தெரிஞ்சா எழுதுவேன். திங்கட்கிழமை உங்க தெருவுல மஞ்சள் வீடுங்களை மறுபடி பார்க்க வர்றேன். கண்ணுக்குத் தெரிஞ்சா கூப்பிடுங்க, எட்டிப் பார்த்துட்டுப் போறேன்."

அதோடு அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. நான் விசில் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, என்ன பிரயோஜனம், நாளைக்கு அந்த மனுஷன் வருவார், இந்தச் சுவர் மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டு நிற்கும், பார்த்துவிட்டுப் போவார் என்றேன். பேசப்பேச எனக்கு ஏறிக்கொண்டே போனது. வீட்டுக்காரரைப் பார்த்து, உங்களை யார் கேட்டார்கள், யார் கேட்டார்கள் இந்தச் சுவரை மூடச் சொல்லி என்று கத்தினேன்.

"நான்தான் கேட்டேன்" என்றார் அண்ணி.

நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர், வேண்டாம் அக்கா என்பதுபோல் கையைக் காட்டினார்.

"நீ சும்மா இரு தம்பி. எத்தனை நாளைக்கு அவகிட்ட திட்டு வாங்குவே." பிறகு என்னிடம் சொன்னார். "எனக்குத் தூக்கமே வரலம்மா. கண்ணைத் தெறந்தா அதுதான் எதிர்ல. கண்ணை மூடினா மறுபடி அது பொளக்குது. காத்து அடிச்ச அன்னைக்கு மாதிரியே சத்தம் கேக்குது. இதை மூடிடுடா, என்னால பாக்க முடியலன்னு அழுதேன். உன்கிட்ட சொல்ல வேணாம்னும் நான்தான் சொன்னேன். நீ ஏற்கெனவே எங்களுக்காக அலையிற."

எனக்கு வாயடைத்துப் போனது. என் வாய் அடைத்துப் பார்த்தவர்கள் டிப்போவில் யாரும் கிடையாது. மூடிய பிறகு தூங்கினீர்களா என்று மட்டும் கேட்டேன். தூங்கினேன் என்றார். அந்தப் பட்டிக்குப் பின்னால் சுவரைத் தாங்க ஒன்றுமே இல்லை என்பது அவருக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். இருந்தாலும் அது கண்ணில் படாமல் இருந்ததே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. நான் அத்தனை நாள் வறுத்தெடுத்த மனுஷன் முன்னறையில் போய்ப் படுத்துக்கொண்டார். அவர் தலைமாட்டில் டீ கொண்டுபோய் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

விளக்கை அணைக்கப் போனபோது அண்ணி என்னைக் கூப்பிட்டு, சுவரில் யார் யார் கை வைக்கக்கூடாது என்று சொன்னார்கள் என்று கேட்டார். விண்ணப்பம் போட்டவரும் அந்த வீட்டில் வசிக்கிற குடும்பத்தாரும் என்றேன். சரி போய்ப் படு என்றார். நான் யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலை டூட்டி முடிந்து வீட்டு வாசலுக்கு வந்தபோதே கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. உள்ளே ஓடினேன். பின்னறைக் கதவருகில் என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணி பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவருக்கு எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தம்பியின் பட்டி பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார். தலைமுடி, புருவம், கன்னம் எல்லாம் வெள்ளைத் தூள். கண்ணை மூடிக்கொண்டு சுரண்டுகிறார் என்று அப்புறம்தான் கவனித்தேன். விரல்களால் தடவித் தடவி இடம் கண்டுபிடித்து, பிளேடை வைத்து இழுத்தார்.

நான் பிளேடைப் பிடுங்கப் போனேன். அவர் கையை உதறிவிட்டார்.

"நீ தொடாதே. அவனும் தொடக்கூடாது. நான் தொடலாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்கப்புறம் நாங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். நல்ல உடம்போடு இரண்டு பேர் நிற்க, உட்கார்ந்து எழ முடியாத மனுஷி மூச்சு வாங்கச் சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. நாற்காலியை நகர்த்தக்கூட எனக்குப் பயமாக இருந்தது, அதுவும் விதியில் இருக்குமோ என்று. என் வீட்டுக்காரர் வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. பிளேடைச் சாய்ச்சுப் பிடி அக்கா, கீழேருந்து மேல போ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பட்டி ஏடு ஏடாக விழுந்தது. அடைத்திருந்த செங்கல் துண்டுகள் ஒவ்வொன்றாக அவர் மடியில் உருண்டன. கை எட்டும் உயரம் வரை விரிசல் வாயைத் திறந்தது. அடைப்பு போன பிறகு மேலே தானாகவே பிய்த்துக்கொண்டு கூரை வரை ஓடியது. முன்பு இருந்ததைவிட அகலமாகியிருந்தது. அந்தப் பக்கம் விழுந்து கிடக்கும் தொட்டியின் கறுப்பு தெரிந்தது.

அண்ணி கண்ணைத் திறந்தார். நேராக அதைப் பார்த்தார். திரும்பவில்லை.

தெருவில் ஸ்டிக்கர்காரரின் குரல் கேட்டதும் நான் ஓடிப்போய்க் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் சுவரைப் பார்த்தார். தரையில் கிடந்த தூளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. யார் சுரண்டினார்கள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நானும் காட்டினேன். அண்ணி பிளேடை மடியில் வைத்துக்கொண்டு, நான்தான் என்றார்.

"இவங்க யாரு?"

"உங்க ஆபீஸ்ல கேட்டேன் தம்பி. இந்த வீட்டுல இப்படி ஒருத்தர் இல்லவே இல்லைன்னு சொன்னாங்க" என்றேன்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இதற்கெல்லாம் தன் தாளில் கட்டமே இல்லை என்றார். அப்புறம் சுவருக்குக் கிட்டே போய், எவ்வளவு ஆழம் என்று பார்க்கப் பேனாவை உள்ளே விட்டார். அது கைநழுவி அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. தொட்டிக்கு மேல் பட்டுக் கீழே போகும் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அந்தச் சமயம் பார்த்துத் தெருவில் ஒரு லாரி போனது. விரிசலின் ஓரத்திலிருந்து மண் பொலபொலவென்று கொட்டியது. ஸ்டிக்கர்காரர் ஓரடி பின்னால் வந்து, அண்ணியையும் அந்தக் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்கயா படுக்கிறாங்க" என்று கேட்டார். எழுத ஏதாவது இருக்கிறதா என்றார். என் வீட்டுக்காரர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.

வாசலில் பச்சையைக் கிழித்துவிட்டுச் சிவப்பை ஒட்டினார். கொஞ்சம் கோணலாக ஒட்டிவிட்டார். என் வீட்டுக்காரரின் கை அதை நேராக்கப் போனது. ஓங்கி ஒன்று போட்டேன் அந்தக் கையில். உத்தரவுச் சீட்டைக் கொடுக்கும்போதுதான் ஸ்டிக்கர்காரர் தயங்கினார். முகவரியில் உள்ளபடிதான் எழுத முடியும், இரண்டு பேருக்கான வீடுதான், முகாம் வாசலில் ஆள் எண்ணித்தான் விடுவார்கள், தன்னால் அவ்வளவுதான் முடியும் என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது. அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அத்தனை கோபத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே மெக்கானிக்கின் வண்டியில்தான் சாமான்களை ஏற்றினோம். ஊருக்கு வெளியே மைதானத்தில் வரிசை வரிசையாகத் தகரப் பெட்டி வீடுகள், சுற்றி வேலி, ஒரு கேட். கேட்டில் இருந்த காவலாளி சீட்டை வாங்கிப் படித்தார். எங்களைப் பார்த்தார். விரலை நீட்டி எண்ணினார். மறுபடி சீட்டைப் பார்த்தார். இரண்டு பேர் என்றுதான் போட்டிருக்கிறது, இன்னொருவர் யார் என்றார்.

எனக்குப் பின்னால் அண்ணியின் வாக்கர் சரளைக்கல்லில் தட்டித் தட்டி நின்றது. நாங்கள் திரும்பிப் போக வேண்டுமோ என்று நினைத்து, அவர் வாக்கரைத் திருப்பவே ஆரம்பித்துவிட்டார். பத்திரமாக வைத்திருந்த கோபம் மொத்தமும் அப்போது தொண்டைக்கு வந்தது.

"இன்னொருத்தரா? இன்னொருத்தர் இருக்கிறதா எந்தக் காகிதத்துலயாவது போட்டிருக்கா சார்? நல்லாப் பாருங்க. இல்லாதவங்க எப்படி சார் இடத்தை அடைப்பாங்க? நான் கண்டக்டர். ரெண்டு பேர் சீட்டுல மூணு பேரை உக்கார வெச்சுத்தான் எனக்கு இத்தனை வருஷம் சம்பளம் வருது. இதுல நீங்க எனக்குக் கணக்கு சொல்லித் தராதீங்க."

அவர் வாயைத் திறக்குமுன் நான் திரும்பி, பஸ்ஸில் கத்துகிற அதே குரலில் அண்ணியைப் பார்த்துக் கத்தினேன்.

"உள்ள போங்க அண்ணி, உள்ள போங்க. நடுவுல இடம் இருக்கு."

அண்ணி வாக்கரைத் தூக்கி கேட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தார். ஒரு காலை எடுத்து வைத்தார், பிறகு அடுத்த காலை. காவலாளி அவருடைய தலைமுடியில் இன்னும் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பலகையில் செருகியிருந்த தாளின் மேல் குனிந்துகொண்டார்.

மூன்று பேர் உள்ளே போனோம். அவர் இரண்டு என்று எழுதிக்கொண்டார்.